லானோலின் (ஆட்டுக் கம்பளியில் இருந்து எடுக்கும் மெழுகு) ஏற்றிய பிறகும், துணி நாப்கினுக்கு மேல் போடும் குழந்தையின் கம்பளி உறை கசிகிறதே, ஏன்?

லானோலினைக் குறை சொல்லும் முன் உறையின் வெளிப்பக்கம் நாலு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

துளி முத்தாக நின்றால் லானோலின் போதுமான அளவு இருக்கிறது. கசிவுக்குக் காரணம் வேறு. கம்பளி பிளாஸ்டிக் ஜட்டி போலத் தண்ணீரை மறிப்பதில்லை. ஈரத்தை இழைக்குள் வாங்கி, மெல்ல ஆவியாக விடுகிறது. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரம் ஏறினாலும் தொட்டால் தெரியாது, அவ்வளவுதான். உள்ளே துணி நிரம்பி வழிந்தால் எந்த உறையும் தாங்காது. இரவுக்கு ஒரு மடிப்புத் துணி கூடுதலாக வையுங்கள். கார் சீட் பெல்ட், இறுக்கமான பாடிசூட் இரண்டும் நனைந்த துணியை அழுத்தி ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். தொடையோரம் உள்துணி கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் போதும், அது திரிபோல வேலை செய்து பேன்ட்டை நனைத்துவிடும்.

துளி உடனே உள்ளே இறங்கினால் லானோலின் சரியாகப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் தவறுவது கரைப்பதில்தான். லானோலின் தண்ணீரில் தானாகக் கரையாது. ஓர் உறைக்கு ஒரு டீஸ்பூன் சுத்த லானோலினை ஒரு கப் கொதிநீரில் போட்டு, கொஞ்சம் பேபி ஷாம்பு விட்டு, பால்போல வெளுக்கும்வரை கலக்குங்கள். மேலே மஞ்சள் எண்ணெய் மிதந்தால் இன்னும் ஷாம்பு வேண்டும். அப்படியே ஊற்றினால் துணியில் திட்டுத் திட்டாகப் பிசுக்குதான் ஒட்டும். இதை இரண்டு மூன்று லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சேர்த்து, துவைத்து ஈரமாக உள்ள உறையை உட்புறம் வெளியே திருப்பி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிறகு அலசாமல், முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகப் பரப்புங்கள். காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால் மூன்று உறையாவது கையில் இருக்கட்டும். புது உறைக்கு இதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் பிடிப்பு வரும். கையில் பிசுபிசுத்தால் லானோலின் அதிகம், அடுத்த முறை பாதி போதும்.

தினமும் துவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் கழற்றிக் காற்றாடப் போடுங்கள். காய்ந்த பின்னும் மூத்திர நாற்றம் அடித்தால் அப்போது துவைக்கலாம். பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மலம் பட்டால் மட்டும் அந்த இடத்தை உடனே குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். என்சைம் உள்ள சாதாரண சோப்புத்தூள் கூடாது: கம்பளி புரதம், கறையைத் தின்னும் என்சைம் இழையையும் தின்னும். குளோரின் ப்ளீச் இன்னும் மோசம், கம்பளியையே கரைத்துவிடும். சூடான நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துப் போகும், திரும்ப விரியாது.

அடுத்த உறை வாங்கும்போது அக்ரிலிக் கலந்ததையும், மெஷினில் போடலாம் என்ற ‘சூப்பர்வாஷ்’ கம்பளியையும் தவிர்த்துவிடுங்கள். வசதிதான், ஆனால் இந்த வேலைக்கு அவை தோதுப்படாது.