ரோம் போகாமலே ரோமானியக் கட்டடங்களைப் பார்க்க, வார இறுதிக்கு ஏற்ற ஊர் எது? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ட்ரியர். ஜெர்மனியில், லக்சம்பர்க் எல்லையை ஒட்டி, மோசெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. லக்சம்பர்க்கிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நான் நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு போய் வந்தேன்.

வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் போர்ட்டா நிக்ராவை விடாதீர்கள். 'கறுப்பு வாசல்' என்று பொருள். கட்டியபோது வெளிர் நிற மணற்கல்தான்; பிற்பாடு கறுத்துப்போனது. கி.பி. 170 வாக்கில் தொடங்கிய கோட்டை வாசல், சுமார் 30 மீட்டர் உயரம். சாந்து பூசாமல், கல்லோடு கல்லை இரும்புக் கவ்வி போட்டு இணைத்திருக்கிறார்கள். கிட்டப் போனால் அம்மைத் தழும்பு மாதிரி கல் முழுக்கக் குழி. போரில் குண்டு பாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, இடைக்காலத்தில் அந்தக் கவ்விகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போன இடங்கள் அவை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய கதைதான்!

அப்படியும் வாசல் எப்படித் தப்பியது? சிமியோன் என்ற கிரேக்கத் துறவி அதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து, 1035-இல் அங்கேயே இறந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, வாசல் தேவாலயம் ஆனது, யாரும் கை வைக்கவில்லை. ஊரின் மற்ற ரோமானிய வாசல்களுக்கு அப்படி ஒரு சாமியார் வாய்க்கவில்லை; கல்லுக்காக உடைத்துவிட்டார்கள். பிறகு 1804-இல் நெப்போலியன் உத்தரவு போட்டு தேவாலயத்தைப் பிரித்தெடுக்க, பழைய வாசல் மறுபடி வெளியே வந்தது.

பக்கத்திலேயே நம்மவர்களுக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது: கார்ல் மார்க்ஸ். அவர் பிறந்த ஊர் இதுதான். 2018-இல், அவரது 200-ஆவது பிறந்தநாளுக்குச் சீனா கொடுத்த சிலை, பீடத்தோடு ஐந்தரை மீட்டர். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் படம் எடுக்காமல் வர மனசு வரவில்லை.

அப்புறம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் அரசவை மண்டபம். 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. 1944 குண்டுவீச்சில் உள்ளலங்காரம் போனது. திரும்பக் கட்டியபோது செங்கல்லை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். அதுதான் அழகு. இப்போது புராட்டஸ்டன்ட் தேவாலயம்.

என் சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் உட்கார்ந்தே நேரம் போய்விட, அரச குளியல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியாயிற்று. குளிர்காலத்தில் நாலு மணிக்கே மூடிவிடுகிறார்கள். அதன் நிலத்தடிச் சுரங்க வழிகளைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போயிருந்தேன். காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள்.

அருங்காட்சியகத்தில் தங்கப் புதையல் இருக்கிறது. 1993-இல் வாகன நிறுத்தத்துக்குக் குழி தோண்டும்போது கிடைத்த ரோமானிய நாணயங்கள், 18 கிலோவுக்கு மேல். ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

பொழுது சாய்ந்ததும் ரோமர் பாலத்துக்கு நடந்தேன். மேலே வளைவுகள் 18-ஆம் நூற்றாண்டு. அடியில் இருக்கும் கருங்கல் தூண்களில் பெரும்பாலானவை 2-ஆம் நூற்றாண்டு. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. நான் நின்ற இடத்தை ஒட்டி டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது.