போர்க்களத்தில் உத்தரவை மீறினால் அங்கேயே சுட்டுவிடுவார்களா?

“போர் நடக்கும்போது மேலதிகாரி சொன்னதைச் செய்யாத சிப்பாயை அங்கேயே சுட்டுவிடலாமா, இந்தியாவில் இதற்கு என்ன தண்டனை?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டனை என்ற பெயரில் யாரையும் அப்படிச் சுட முடியாது. விசாரணை நடந்தே ஆக வேண்டும்.

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவுதான் உத்தரவை மீறுவதற்கானது. மேலதிகாரி நேரில் இட்ட உத்தரவை ‘முடியாது’ என்று எதிர்த்து நின்று மீறினால் 14 ஆண்டு வரை சிறை. அப்படி எதிர்த்து நிற்காமல் வெறுமனே மீறினால் போர்ப் பணியில் 14 ஆண்டு வரை, மற்ற நேரத்தில் 5 ஆண்டு வரை. இந்தப் பிரிவில் மரண தண்டனை கிடையாது.

மீறல் வேறு குற்றமாக மாறும்போதுதான் உயிருக்கு ஆபத்து. கலகம் செய்தால், போர்ப் பணியில் இருக்கும்போது ஓடிப்போனால், எதிரிக்கு முன்னால் கோழைத்தனம் காட்டினால் மரண தண்டனை வரை போகலாம். போர்க்காலத்தில் காவலுக்கு நிற்பவர் தூங்கிவிட்டால்கூட அப்படித்தான். ‘முன்னேறு’ என்று உத்தரவு வந்தபிறகும் ஒருவர் பதுங்குகுழியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அது கீழ்ப்படியாமையா, கோழைத்தனமா? குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அவர் தலையெழுத்தே மாறிவிடும்.

அதனால்தான் கோர்ட் மார்ஷலின், அதாவது ராணுவ நீதிமன்றத்தின், நடைமுறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொது கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்கார வேண்டும். மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். களத்திலேயே கூட்டும் சுருக்க விசாரணை என்றால் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அப்புறம் மேலிடம் உறுதி செய்ய வேண்டும். 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் செய்யலாம். சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது.

விசாரணை வெறும் பெயருக்கு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாரி ஃபார் ஒருவரே போதும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய். குண்டுச் சத்தத்தில் மனம் சிதைந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 1916-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில், முன்வரிசைக்குப் போகச் சொன்னபோது தன்னால் தாங்க முடியவில்லை என்றார். விசாரணை ஏறக்குறைய 20 நிமிடம்தான். அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. கோழைத்தனம் என்று தீர்ப்பெழுதி அக்டோபர் 16-ம் தேதி விடியற்காலையில் சுட்டுவிட்டார்கள். வயது 25. குடும்பம் விடாமல் போராடியது. கடைசியில் 2006-ல்தான் அவரையும் சேர்த்து 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். நோயாளிக்குக் கொடுத்த தண்டனை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 41-வது பிரிவு ‘சட்டப்படியான உத்தரவு’ என்றுதான் சொல்கிறது. நிராயுதபாணிகளைக் கொல்லச் சொன்னால் அது அந்தக் கணக்கில் வராது. மீறியதற்காக அல்ல, கீழ்ப்படிந்ததற்காகத்தான் அங்கே தண்டனை. 1968-ல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் பெண்களையும் குழந்தைகளையும் அமெரிக்கப் படையினர் கொன்று குவித்தார்கள். அன்று சுட மறுத்த சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். ‘உத்தரவைத்தான் நிறைவேற்றினேன்’ என்ற லெப்டினன்ட் வில்லியம் கேலியின் வாதத்தை கோர்ட் மார்ஷல் ஏற்கவில்லை. 1971-ல் ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு அதைக் குறைத்து, சில ஆண்டுகளிலேயே வெளியே விட்டுவிட்டார்கள். அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.