ரீட் ரெப்ளிகா போட்டால் வேகம் வருமா? கேள்வி பதில்

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கிறேன். பல வருடமாக மற்றவர்களின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. டேட்டாபேஸின் படிக்க மட்டும் பயன்படும் நகலான ரீட் ரெப்ளிகா பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் தளம் தவழ்கிறது. பெரிய சர்வர் வாங்கலாம் என்கிறார் முதலாளி. ரெப்ளிகா போடு என்கிறான் நண்பன். எது சரி?

பதில்: தம்பி, இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தக் குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் செயலி கேட்கும் எந்தக் கேள்வி, நேரத்தை விழுங்குகிறது என்று பாருங்கள். உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் என்றால் ஸ்லோ குவெரி லாக், போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் அதைக் காட்டும். இதே புகாரோடு என்னைக் கூப்பிட்ட ஒரு கடையில், ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இன்டெக்ஸே, அதாவது சட்டென்று தேட உதவும் அட்டவணையே, இல்லை. 'என் ஆர்டர்கள்' பக்கத்தை யார் திறந்தாலும் டேபிள் முழுவதையும் புரட்டிக்கொண்டிருந்தது. இன்டெக்ஸ் போட்டோம். ரெப்ளிகா பேச்சு அதோடு முடிந்தது.

அதையெல்லாம் பார்த்த பிறகும் சுமை தாங்கவில்லை, பெரும்பாலும் சேலைகளைப் புரட்டிப் பார்க்கிறவர்கள்தான் என்றால் ரெப்ளிகா நல்ல வழி. ஆனால் எழுதும் வேலையை அது ஒரு துளியும் குறைக்காது. பிரைமரியில், அதாவது மூல டேட்டாபேஸில், எழுதியது ஒவ்வொரு ரெப்ளிகாவிலும் மறுபடி எழுதப்பட வேண்டும். ஆர்டர் பதிவதும் ஸ்டாக் கழிப்பதும்தான் திணறுகிறது என்றால், உங்கள் முதலாளி சொல்வதுதான் சரி.

கேள்வி: தண்ணீர்மலை தைப்பூசத்துக்குப் பால்குடம் முன்பதிவு செய்ய ஒரு செயலி எழுதினேன். ரெப்ளிகா சேர்த்ததிலிருந்து, பதிவு செய்த உடனே 'உங்கள் பெயரில் பதிவு இல்லை' என்று காட்டுகிறது. ஒரு அம்மா மூன்று முறை பதிவு செய்துவிட்டார். செயலியை எழுதிய லாராவெல் கட்டமைப்பில், எழுதிய பிறகு பிரைமரியிலிருந்தே படிக்க வைக்கும் ஸ்டிக்கி அமைப்பைப் போட்டிருக்கிறேன், அப்படியும் வருகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த அம்மா விரலை எடுத்த கணத்திலிருந்து பாருங்கள். பதிவு பிரைமரியில் விழுந்தது. செயலி அவரை உடனே அடுத்த பக்கத்துக்கு அனுப்பியது. அந்தப் பக்கம் ரெப்ளிகாவைக் கேட்டது. வழக்கமான ரெப்ளிகேஷனில் பிரைமரி யாருக்காகவும் நிற்பதில்லை. எழுதி முடித்தேன் என்று சொல்லிவிட்டு, மாற்றங்களைப் பின்னால் அனுப்பும். ரெப்ளிகா கால் விநாடி பின்தங்கியிருந்தால்கூட அவர் பதிவு அங்கே இருக்காது. இல்லை என்று திரை சொன்னால் யாரும் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள்.

ஸ்டிக்கி ஏன் காப்பாற்றவில்லை? ஒரே ரிக்வெஸ்டுக்குள், அதாவது சர்வரிடம் ஒரு முறை கேட்பதற்குள், எழுதிவிட்டுப் படித்தால் மட்டுமே அது பிரைமரிக்குப் போகும். நீங்கள் அடுத்த பக்கத்துக்கு அனுப்பியதும் அது புது ரிக்வெஸ்ட், முந்தையது அதற்குத் தெரியாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒருவர் எழுதியதும் அந்த நேரத்தை அவருடைய செஷனில், அதாவது பக்கம் மாறினாலும் அவருக்கென்று சர்வர் நினைவில் வைக்கும் இடத்தில், குறித்து வையுங்கள். அடுத்த ஐந்து விநாடிக்கு அவர் படிப்பது எல்லாம் பிரைமரியிலிருந்து வரட்டும். மற்றவர்களுக்கு ரெப்ளிகா போதும். இன்னும் கறாராக வேண்டுமென்றால், போஸ்ட்கிரெஸில் எழுதிய பிறகு, மாற்றங்கள் வரிசையாகப் பதியும் லாகில் அது எந்த இடம் என்று சொல்லும் எல்எஸ்என் எண்ணை வாங்கிக்கொண்டு, ரெப்ளிகா அதைத் தாண்டிவிட்டதா என்று கேட்கலாம்.

பணம், இருக்கை எண்ணிக்கை, ஸ்டாக்: இந்த மூன்றையும் எப்போதும் பிரைமரியிலேயே படியுங்கள், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அப்புறம், ஒரே ஐசி (அடையாள அட்டை) எண்ணில் இரண்டு பதிவு விழாதபடி பிரைமரியில் யூனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள்.

கேள்வி: ரெப்ளிகா இருந்தால் பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: தேவை, கட்டாயம் தேவை. தவறாக ஒரு டேபிளை அழித்தால் ரெப்ளிகாவிலும் அது உடனே அழிந்துவிடும்.

கேள்வி: எங்கள் டேட்டாபேஸ் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. அமேசானின் கிளவுட் சேவை 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ரீஜன், அதாவது டேட்டா சென்டர் தொகுப்பு, திறந்துவிட்டது. கோலாலம்பூர் பயனர்களுக்காக இங்கே ஒரு ரெப்ளிகா மட்டும் வைத்தால் போதுமா?

பதில்: செயலி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. செயலி சிங்கப்பூரில் இருந்து ரெப்ளிகா மட்டும் இங்கே இருந்தால், ஒவ்வொரு குவெரியும் கடல் தாண்டி வந்து போகும், இருப்பதைவிட மோசம். செயலியையும் இங்கே கொண்டுவந்தால் படிப்பது வேகமாகும், எழுதுவது மட்டும் சிங்கப்பூர் போய் வரும். ரீஜன் தாண்டும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ரெப்ளிகாவுக்கும் முழு சர்வருக்கான வாடகைதான், அதனால் மாத பில்லில் எத்தனை வெள்ளி ஏறும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மாதக் கடைசி ரிப்போர்ட்டை ரெப்ளிகாவில் ஓட்டுகிறோம். பாதியில் 'ரிகவரியோடு மோதல்' என்று சொல்லி ரத்தாகிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ்தான்.

பதில்: பிரைமரியில் வேக்கூம் என்ற துப்புரவு வேலை டேபிளில் தேவையில்லாத பழைய வரிகளைத் துடைக்கிறது. அந்தத் துடைப்பை ரெப்ளிகாவும் செய்தாக வேண்டும், ஆனால் உங்கள் ரிப்போர்ட் அதே வரிகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பில் ரெப்ளிகா 30 விநாடி பொறுக்கும், அப்புறம் குவெரியை வெட்டிவிடும். மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே என்ற அமைப்பைக் கூட்டினால் ரிப்போர்ட் முடியும், ஆனால் அதுவரை அந்த ரெப்ளிகா பின்தங்கும். ரெப்ளிகா எதைப் படிக்கிறது என்று பிரைமரிக்குச் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் அமைப்பைப் போட்டால் வெட்டுவது குறையும், பதிலுக்குப் பிரைமரியில் குப்பை சேரும். நான் என்றால் கணக்குப் பிரிவுக்கென்று தனி ரெப்ளிகா கொடுத்து, அதில் டிலேயைக் கூட்டிவிடுவேன். நேற்றைய கணக்கைப் பார்க்கிறவருக்குப் பத்து நிமிடம் தாமதம் ஒன்றும் செய்யாது.

கேள்வி: லேக், அதாவது ரெப்ளிகா பின்தங்கும் நேரம், எவ்வளவு என்று எப்படி நம்பிப் பார்ப்பது? விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் அடித்து எழுப்புகிறது, எழுந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பதில்: போஸ்ட்கிரெஸில் கடைசியாக வந்த பரிவர்த்தனையின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. மூன்று மணிக்கு யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் அந்த எண் சும்மாவே ஏறிக்கொண்டு போகும். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு நேர்மாறு: நெட்வொர்க் தாமதத்தால் லாகே வந்து சேராத நேரத்திலும் லேக் பூஜ்யம் என்று காட்டக்கூடும். பிரைமரியில் ஒரே ஒரு வரி கொண்ட டேபிள் வைத்து, விநாடிக்கொரு முறை அதில் நேரத்தை எழுதுங்கள். ரெப்ளிகாவில் அந்த வரியைப் படித்து, எவ்வளவு பழசு என்று பாருங்கள். அலாரத்தை அந்த எண்ணுக்கு வைத்தால் இரவில் தூங்கலாம்.