காசில்லாம கூகிள்ல மேல வரலாமோ?

கேள்வி: அண்ணா, மூண்டு வருசமா புளொக்ஸ்பொட்டில சமையல் புளொக் எழுதிறன். அம்மம்மாட்டப் பழகின யாழ்ப்பாணச் சாப்பாடுதான், 110 பதிவு வரை இருக்கு. ‘மழை நாளும் மண்சட்டியும்’ எண்ட மாதிரி ரசிச்சு ரசிச்சுத் தலைப்பு வைக்கிறனான். ஆனா வாசிக்கிறது முழுக்க சொந்தக்காரரும் எங்கட ஃபிளாட் வட்ஸ்அப் குறூப்பும்தான், கூகிள்ல தேடினா நான் எங்கயும் இல்ல. போன கிழமை ஒருத்தர் கோல் எடுத்து மாசம் 25,000 ரூபா தந்தா முதல் இடத்தில கொண்டுவந்து விடுறம் எண்டார். என்னட்ட அந்தக் காசு இல்ல. என்ன செய்ய?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதல்ல அந்த நம்பரை புளொக் பண்ணுங்கோ தங்கச்சி, பிறகு உங்கட புளொக்கைப் பாப்பம். முதல் இடத்துக்கு ஒருத்தராலயும் கேரண்டி குடுக்கேலாது எண்டு கூகிளே எழுதி வச்சிருக்கு. காசுக்கு விக்கிறது விளம்பர இடம் மட்டும்தான், அதில விளம்பரம் எண்டு குறிச்சும் இருக்கும். கீழ வாற சாதாரண வரிசையில காசு குடுத்து ஏறேலாது.

அடுத்தது, உங்கட போனில நீங்களே தேடிப் பாத்து அழாதேங்கோ. வெள்ளவத்தையில இருந்து தேடினா ஒண்டு வரும், டொரன்டோவில இருந்து தேடினா வேற வரும். சேர்ச் கொன்சோல் எண்டு கூகிள் சும்மா குடுக்கிற சாமான் ஒண்டு இருக்கு, புளொக்குக்குப் பாவிக்கிற அதே ஜிமெயிலால உள்ள போனா பெரிய தலையிடி இல்ல. அதில சைட்மப்பை, அதாவது உங்கட பதிவுகளின்ர பட்டியலைக் குடுத்துட்டு கொஞ்ச நாள் விடுங்கோ. பிறகு பாத்தா என்ன என்ன சொல்லைத் தேடினவைக்கு உங்கட பதிவைக் காட்டினது, எத்தனை பேர் அமத்தினது, சராசரியா எத்தனையாம் இடம், எந்த நாடு எண்டெல்லாம் வரும், போகப் போக 16 மாசக் கணக்கு வரைக்கும் நிக்கும். சராசரி இடம் எண்டதை நீங்கதான் டிக் பண்ண வேணும், தானா வராது, கனபேர் அதைக் காணாமலே போயிடுவினம்.

இனித்தான் விசயம். இப்ப நீங்க புதுப் பதிவு எழுதாதேங்கோ. ஓம், எழுதாதேங்கோ எண்டுதான் சொல்றன். அந்தக் கணக்கில சராசரி இடம் 8இல இருந்து 20 வரைக்கும் நிக்கிற பதிவுகளை மட்டும் எடுங்கோ, பத்துப் பன்ரெண்டு இருந்தாலே காணும். சொதிப் பதிவு 13இல நிக்குதெண்டா அது ரெண்டாம் பக்கத்தில, அங்க ஆர் போய்ப் பாக்கிறது? ஆனா கொஞ்சம் தள்ளினா முதல் பக்கம். 90ஆம் இடத்தில கிடக்கிறதைத் தூக்கி நிறுத்த மினக்கெடுறதை விட இது சுகம்.

தள்ளுறது எப்பிடி? தலைப்பில இருந்து தொடங்குங்கோ. ‘மழை நாளும் மண்சட்டியும்’ எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா பின்னேரம் அடுப்படியில நிண்டு ஒரு கையில கரண்டியும் மற்றக் கையில போனுமா தேடுற ஆள் மண்சட்டி எண்டு அடிக்கமாட்டா, ‘ஒடியல் கூழ் செய்வது எப்படி’ எண்டுதான் அடிப்பா (ஒடியல் எண்டது காயவச்ச பனங்கிழங்கு). அதைத் தலைப்பாக்கிப்போட்டு மண்சட்டியை உள்ளுக்க முதல் பந்தியில வச்சிருங்கோ. வெறும் ‘கூழ்’ எண்டும் விடாதேங்கோ, ஏனெண்டா அங்க தமிழ்நாட்டுக் கேழ்வரகுக் கூழ்காரர் வரிசையா நிக்கினம், எங்கட குரக்கனைத்தான் அவை கேழ்வரகு எண்டுறவை, நண்டும் இறாலும் போட்ட எங்கட கூழைத் தேடுற ஆள் அந்தச் சனத்துக்குள்ள உங்களைக் காணமாட்டா. ‘யாழ்ப்பாண ஒடியல் கூழ்’ எண்டா வரிசை சின்னன். சொதியும் அப்பிடித்தான், திருநெல்வேலிப் பக்கம் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி வேற, நாங்க இடியப்பத்துக்கு விடுறது வேற, அதால ‘இடியப்பச் சொதி’ எண்டு போடுங்கோ. இஞ்ச பாதிப் பேர் புட்டு எண்டு தேடுவினம், மிச்சப் பேர் பிட்டு எண்டு, இன்னும் கொஞ்சப் பேர் தமிழை இங்கிலிஷ் எழுத்தில அடிப்பினம், மூண்டும் பதிவுக்குள்ள ஒருக்காலாவது இயல்பா வந்தாப் போதும்.

தேடுற பெட்டிக்குள்ள ‘ஒடியல் மா’ எண்டு அடிச்சுப்போட்டு எண்டர் அமத்தாம நிண்டு பாருங்கோ, கூகிளே கீழ சிலதை நீட்டும், அதெல்லாம் சனம் கேட்ட கேள்வி. எவ்வளவு நேரம் ஊறவைக்கிறது, கைப்பு எப்பிடிப் போகும், ஒடியல் மா இல்லாட்டி என்ன போடலாம் எண்டதுக்கு உங்கட பதிவில பதில் இருக்கோ? இல்லாட்டி நாலு வரி சேருங்கோ. உங்களுக்கு அது தெரிஞ்ச விசயம் எண்டபடியாத்தான் எழுதாம விட்டிருப்பீங்கள்.

புளொக்ஸ்பொட்டில தமிழ்த் தலைப்பு வச்சா பதிவின்ர விலாசம் வெறும் ‘புளொக் போஸ்ட் 57’ எண்ட மாதிரித்தான் விழும், இங்கிலிஷ் எழுத்தை மட்டும்தான் அது எடுக்கும். இனி எழுதேக்க பப்ளிஷ் பண்ண முதல் விலாசத்தை நீங்களே இங்கிலிஷ் எழுத்தில குடுங்கோ. பழசில கை வைக்காதேங்கோ. நான் ஒருக்கா அறிவுகெட்டு ஒரே ராத்திரியில என்ர இருபது பதிவின்ர விலாசத்தை மாத்தி, வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்சப் பேரையும் துலைச்சனான், பழைய லிங்கில வந்த ஆக்களுக்கு பக்கம் இல்ல எண்டு காட்டினது. பழைய விலாசத்தில வாறவையைப் புதுசுக்கு அனுப்புற ரீடைரக்ட் எண்டு ஒண்டு செற்றிங்சில இருக்கிறது பிறகுதான் தெரியும். அதே செற்றிங்சில சேர்ச் டிஸ்கிரிப்ஷனை ஒன் பண்ணினா ஒவ்வொரு பதிவுக்கும் ரெண்டு வரி விவரம் எழுதலாம், அது இடத்தை ஏத்தாது, பாக்கிற ஆளை அமத்த வைக்கும்.

பழைய பதிவுகள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சதெண்டா உடன யூனிகோடுக்கு மாத்துங்கோ. எங்கட கண்ணுக்குத்தான் அது தமிழ், கூகிளுக்கு வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பை. செய்முறையை படமா அடிச்சுப் போட்டிருந்தா அதையும் எழுத்தாக்குங்கோ. போட்டோவை போனில எடுத்த 4 எம்பியில அப்பிடியே ஏத்தாதேங்கோ, டேட்டா போட்டுப் பாக்கிற சனத்தின்ர பாவம் சும்மா விடாது. ஸ்கூஷ் எண்டு இலவசமா ஒரு தளம் இருக்கு, அதில சுருக்கலாம். பக்கத்தின்ர பெரிய படம் 2.5 செக்கனுக்குள்ள வந்திட வேணும் எண்டது கூகிளின்ர கணக்கு, வேகம் பாக்கிற பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் எண்ட கூகிள் தளத்தில உங்கட விலாசத்தைப் போட்டா சொல்லும். சொதிப் பதிவில இருந்து இடியப்பத்துக்கும், இடியப்பத்தில இருந்து சம்பலுக்கும் லிங்க் குடுங்கோ, பத்து நிமிச வேலை, ஒருத்தரும் செய்யிறேல்ல.

வெளியில இருந்து லிங்க் வேணும் எண்டு மற்ற ஆக்களின்ர பதிவுக்குக் கீழ போய் ‘அருமை, என்ர பக்கமும் வாங்கோ’ எண்டு ஒட்டித் திரியாதேங்கோ, அப்பிடியான லிங்குகளைக் கணக்கெடுக்காம விட கூகிள் 2005லயே வழி பண்ணியாச்சு. லிங்க் வாங்கி விக்கிற ஆக்களை 2012இல கூகிளின்ர பெங்குவின் எண்ட மாற்றம் வந்து வெளுத்தது. அதைவிட, வெள்ளவத்தையில இருக்கிறதே உங்கட கைமுதல். காலி வீதிப் பக்கம் எந்தக் கடையில நல்ல ஒடியல் மா, வறுத்த அரிசி மா கிடைக்கும், இந்த மாசம் கிலோ என்ன விலை எண்டு நீங்களே நடந்து போய்ப் பாத்து மாசாமாசம் ஒரே பதிவைப் புதுப்பிச்சு எழுதுங்கோ. லண்டனில இருந்து லீவுக்கு வாற ஆளும், புதுசா கொழும்புக்கு வந்த பிள்ளையும் அதைத்தான் தேடும், அப்பிடியான பக்கத்துக்கு ஆக்களே லிங்க் குடுப்பினம்.

ரெண்டு மூண்டு மாசம் பொறுங்கோ. நாளுக்கு நாலுதரம் கணக்குப் பாத்தா விசர்தான் பிடிக்கும்.

கேள்வி: மெட்டா கீவேர்ட் எத்தனை போடலாம்? வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்தில சொற்களை ஒளிச்சு வைக்கச் சொல்லி கூட்டாளி ஒருத்தன் சொல்றான்.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மெட்டா கீவேர்டை, அதாவது பக்கத்தின்ர கோடுக்குள்ள எழுதி வைக்கிற தேடல் சொல்லுகளை, இடம் குடுக்கிறதுக்குப் பாக்கிறேல்ல எண்டு கூகிள் 2009இலயே சொல்லிட்டுது தம்பி, பூச்சியம் போடுங்கோ. வெள்ளை எழுத்து பிடிபட்டா பக்கம் கீழ போகும், தேடலில இருந்தே போயிடவும் கூடும். கூட்டாளியோட தேத்தண்ணி குடிக்கிறதோட நிப்பாட்டுங்கோ.

கேள்வி: ஏஐயால நாளுக்கு இருபது பதிவு போட்டா கெதியா மேல வரலாம்தானே?
- மாணவன், தெகிவளை

பதில்: ஏஐயால எழுதினது எண்டதுக்காகவே கூகிள் தள்ளி வைக்கிறேல்ல. ஆனா இடத்தைப் பிடிக்கிறதுக்கெண்டே மலை மலையா உதவாத பக்கம் குவிக்கிறதை 2024 மார்ச்சில வந்த விதி ஸ்பாம் எண்டுதான் சொல்லுது, ஆள் எழுதினாலும் மெசின் எழுதினாலும் ஒண்டுதான். நாளுக்கு இருபது எழுதினா அதை நீர் வாசிச்சாவது பாப்பீரோ? கிழமைக்கு ஒண்டு போடும், உமக்குத் தெரிஞ்ச சோதனைப் பாடத்தில, போன வருசப் பேப்பரில உமக்கு மாட்டின கணக்கை எப்பிடிச் செய்தனீர் எண்டு.