புத்தர் சிலையைப் பார்த்துக்கொண்டே தியானம் செய்தால் மனம் விழிப்பாக இருக்குமா?

நீங்களும் ஒரு புத்தர் தலையை வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அந்த ரகம்தான்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். சிதறால் மலைக்கோவிலில், பாறையில் செதுக்கிய உருவங்களுக்கு எதிரே கண்ணை மூடி உட்காருவது பல வருடப் பழக்கம். கூட வருகிறவர்களிடம் ‘இவர்தான் புத்தர்’ என்று விளக்கமும் கொடுப்பேன். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த மைத்துனரிடம் அதையே தொடங்கினேன். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “மக்களே, புத்தர் என்றால் மேலாடை எங்கே? காட்டு பார்ப்போம்” என்றார்.

பார்த்தேன். தோளில் துணியின் விளிம்பு இல்லை. தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை. முக்குடை என்றால் தீர்த்தங்கரர், சமணர்கள் வணங்கும் ஞானி. அடுத்த உருவத்தின் தலைக்கு மேல் பாம்புப் படம். புத்தருக்கும் முசலிந்த நாகம் குடை பிடித்த கதை உண்டே என்று வாயெடுத்தேன். “அதில் அவர் பாம்புச் சுருளில் உட்கார்ந்திருப்பார். இவர் நிற்கிறார், அதுவும் துணியில்லாமல். இவரும் தீர்த்தங்கரர்தான், பார்சுவநாதர்” என்றார். அங்கே ஆய் குல மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டும் இருக்கிறது. சமணப் பெண் துறவி ஒருவர் பொன்னணி கொடுத்த செய்தி அது. அதன் பக்கத்தில் எத்தனை முறை செருப்பைக் கழற்றிப் போட்டிருப்பேன்! மைத்துனர் இன்றுவரை சிரிக்கிறார்.

விழிப்பைத் தேடி உட்கார்ந்தவன் எதிரே இருந்த குடையை எண்ணவில்லை. அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன்.

பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களைப் பார்த்தேன். சிலவற்றில் புத்தரே இல்லை. போதிமரம், வெற்று ஆசனம், கீழே இரண்டு பாதச்சுவடுகள், சுற்றிலும் கும்பிடும் கூட்டம். ஏன் அப்படிச் செதுக்கினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த ஆசனத்தில் யாரையாவது உட்காரவைத்துவிட என் மனம் துடித்தது. முதலில் புத்தர், பிறகு செத்துப்போன அப்பா, கடைசியில் நானே. ஒவ்வொருவராக வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் ஒருநாளும் வாய்க்காத தியானம் அது. காவலாளி வந்து நகரச் சொல்லும்வரை நீடித்தது.

சமணக் கோவிலை வைத்துப் பௌத்தம் பேசுகிறான் என்று சிலர் கிளம்புவார்கள். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, இரண்டு மதத்தையும் சேர்ந்தவனும் இல்லை.

சிதறால் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால் தப்பியது. பெயரில்லாத மற்ற மலைகள் ஜல்லியாகி, லாரி லாரியாகக் கேரள எல்லை தாண்டுகின்றன. அந்த லாரிகள் உடைத்த சாலையில் ஸ்கூட்டர் ஓட்டியே முதுகு போய்விட்டது, பத்மாசனம் போட முடியவில்லை. இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில்தான் தியானம். அது முறையில்லை என்று எழுதவும் ஒருவர் வருவார், வரட்டும்.