770 கி.மீ. ஓடும் கார் ஏற்காட்டு மலையில் எத்தனை ஓடும்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். ஏற்காடு நாகலூர் பக்கம் சிறிய காப்பித் தோட்டமும் வீடும் உண்டு. வாரம் இரண்டு முறை போய்வருவேன். ஜாகுவார் கொண்டுவரப்போகும் நான்கு கதவு மின்சாரக் கார் ஒரே சார்ஜில் 770 கி.மீ. ஓடும் என்கிறார்கள். மலையில் எவ்வளவு கிடைக்கும்? பாதி வழியில் நின்றுவிடுமா? தெரிந்தவர் ஒருவர், 5 லட்சம் கொடுத்தால் சேலத்துக்கு வரும் முதல் வண்டியை என் பெயருக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வண்டி நிற்காது. பணம் கொடுக்காதீர்கள். இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 770. அது ஐரோப்பியச் சோதனை முறைப்படி நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அதே வண்டிக்கு அமெரிக்க முறையில் அவர்களே சொல்வது 692. வண்டி ஒன்று, கணக்கு இரண்டு. நம் நாட்டுச் சோதனை இன்னும் தாராளம். 2022-ல் இங்கே வந்த மின்சாரக் கார் மெர்சிடிஸ் இகியூஎஸ் 580-க்கு நம் சான்றிதழில் 857 கி.மீ., ஐரோப்பிய முறையில் 700-ஐக் கூடத் தொடவில்லை. வாங்குகிறவர் எந்த எண்ணை நம்புவது? ஒரே எண்ணைச் சொல்லுங்கள் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எனவே எதைக் கேட்டாலும் கால்பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மலைக் கணக்கு சுலபம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஏறுவது ஏறக்குறைய 1,200 மீட்டர். இந்த வகைக் கார்கள் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. நான்கு பேரும் சாமானும் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தூக்கி மலைமேல் வைக்க மட்டும் சுமார் 10 யூனிட் மின்சாரம். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். சாலையில் உருள, ஏசி ஓட, இழப்பு எல்லாம் சேர்த்தால் மேலே போய்ச் சேர 16, 17 யூனிட் என்று வையுங்கள். இகியூஎஸ், பிஎம்டபிள்யூ ஐ7 மாதிரியான வண்டிகளில் பேட்டரி 100 யூனிட்டுக்கு மேல். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி 5, 6 யூனிட்டைத் திருப்பித் தரும். சேலத்துக்கு வந்து சேரும் செலவு அநேகமாக அதில் அடங்கிவிடும். பாதி சார்ஜில் கிளம்பினாலும் நாகலூர் போய்த் திரும்பலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். தோட்டத்து வீட்டில் இரவு சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. மோட்டார் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இல்லையென்றால், மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையும் நின்றுபோகும். 3 டன்னையும் சாதாரண பிரேக்கே தாங்க வேண்டிவரும். பெட்ரோல் காரில் இரண்டாவது கியரில் இறங்கிப் பழகியவர்களுக்கு இது புரியும். இங்கே மாற்றக் கியர் கிடையாது. மார்கழிக் குளிரில் பேட்டரி இன்னும் குறைவாகத்தான் வாங்கும். கீழே சேலத்தில் முழுதாக நிரப்பிக்கொண்டு ஏறினால் ஒன்றும் ஆகாது, ஏறும்போதே செலவாகிவிடும். மேலே நிரப்பினால்தான் தொல்லை. முழு இறக்கமும் சேர்ந்து 5, 6 சதவீதம்தான் நிரப்பும் என்பதால், தோட்டத்தில் சார்ஜ் அளவை 85-ல் நிற்கும்படி காரிலேயே வைத்துவிடுங்கள். தெரியாமல் 100 ஆகிவிட்டால் ஏசியை ஓடவிட்டு ஏற்காட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மெதுவாக இறங்குங்கள்.

20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பயம் வேண்டாம். ஐ7 5.39 மீட்டர் நீளம், ஆனால் இந்த ரகத்தில் பின்சக்கரமும் கொஞ்சம் திரும்பும். வளைவைவிட உங்கள் தோட்டத்துக் கேட் முன்னால் இருக்கும் மேட்டில் அடிவயிறு தட்டுமா என்று பாருங்கள்.

உண்மையான சிக்கல் தோட்டத்து வீட்டு எர்த்தில் இருக்கிறது. ஏற்காட்டில் கொஞ்சம் தோண்டினால் பாறை. அப்படி ஒரு வீட்டில் சார்ஜரைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் மின்சாரத்தை வாங்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 30 வோல்ட்டுக்கு மேல். இரண்டு, மூன்றுக்குள் இருக்க வேண்டியது. எர்த் குழியைத் தோண்டினோம். ஒன்றரை அடியில் கம்பி முடிந்திருந்தது, கரியும் இல்லை உப்பும் இல்லை. அங்கிருந்த எலக்ட்ரீஷியன் சாவகாசமாகச் சொன்னார்: “பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ஒயர் போட்டுச் சேர்த்திடலாம் சார், பச்சை விளக்கு வந்திடும்.” வரும். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று காரின் உடல் முழுக்க மின்சாரம் பாயும், கதவைத் தொடுகிற பேரனுக்கும் சேர்த்து. இந்த யோசனை சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள். மண் கிடைக்கும் இடம் தேடி, தேவைப்பட்டால் வீட்டிலிருந்து தள்ளியாவது, தனி எர்த் போடுங்கள். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த லைனுக்குத் தனி ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வையுங்கள்.

சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் தோட்டத்துக்கு உடனே தேவையில்லை. நல்ல 15 ஆம்பியர் பிளக் மணிக்கு 2, 3 யூனிட் தரும். ராத்திரி முழுக்கப் போட்டால் மலையேறிய செலவு திரும்பிவிடும். அதற்காக மும்முனை இணைப்புக்கு மனுப் போட்டு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். மனு ஆன்லைனில் போகிறது, ஆனால் மனுவைப் பார்க்கச் சொல்ல நேரில் போக வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் தெரிந்தவர். 2024 டிசம்பரில் மயாமியில் ஜாகுவார் காட்டிய ‘டைப் 00’ ஒரு மாதிரி வண்டி. அதற்கு இரண்டே கதவு, பின்பக்கக் கண்ணாடியே கிடையாது. விற்பனைக்கு வரப்போவது வேறு உருவம். படத்தைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் அந்தப் படமே தவறு என்று சொல்லுங்கள். இவர்கள் வழக்கமாக விடும் கதைகள் மூன்று. “நம்ம ராணிப்பேட்டையிலேயே தயாராகுது” என்பார்கள். அந்த மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், ஜாகுவாரின் உரிமையாளரான டாடாவின் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது உண்மை. ஆனால் இந்தக் கார் இங்கிலாந்தில், சோலிஹல்லில் செய்யப்படுவது. முழு வண்டியாக இறக்குமதியானால் சுங்க வரியே விலையை இரட்டிப்பாக்கும். “பிரிட்டன் ஒப்பந்தத்தில் வரி குறைஞ்சிடுச்சு” என்பார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தானதில் மின்சாரக் கார்களுக்கு முதல் 5 ஆண்டுகள் சலுகை கிடையாது. “பாண்டிச்சேரி பதிவு போட்டுத் தர்றேன், வரி மிச்சம்” என்பார்கள். இதுதான் எனக்கு எரிச்சல். 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு இங்கே ஆயுள் வரி 20 சதவீதம், சரி. மின்சாரக் காருக்குத் தமிழ்நாடே அந்த வரியில் முழு விலக்குக் கொடுத்துவந்திருக்கிறது. காலக்கெடு வைத்து, அது முடியும் நேரத்தில் நீட்டித்து, கடைசி நாள் வரை எல்லோரையும் காக்கவைப்பது அரசின் வழக்கம். எனவே பதிவு செய்யும் வாரத்தில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போலி முகவரியில் பாண்டிச்சேரி எண் வாங்கி வழக்கில் சிக்காதீர்கள்.

முன்பணம் கொடுப்பதென்றால் அங்கீகரிக்கப்பட்ட டீலரின் நிறுவனக் கணக்குக்கு மட்டும், காசோலையாகவோ வங்கி வழியாகவோ. ரசீதில் மாடல் பெயரும், ரத்து செய்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதும் இருக்க வேண்டும். தனிநபர் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால், இன்றே வாட்ஸ்அப்பில் “நான் தந்த 5 லட்சம் எந்த டீலரிடம், எந்தத் தேதியில் கட்டினீர்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எதுவானாலும் அழிக்காமல் வைத்திருங்கள்.