மூடிய கொலை வழக்கைத் திறக்க முடியுமா?

கேள்வி: 1997-ல் கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட்டில் என் தாய்மாமாவை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் வழக்கை முடித்துவிட்டது. அப்போது பக்கத்து லயனில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குடியிருந்த பாட்டி ஒருவர், ‘நான் பார்த்தேன்’ என்று இப்போது சொல்கிறார். தனியார் துப்பறியும் ஆள் ஒருவர் வழக்கைத் திறந்து தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில் (ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர்): வேண்டாம். பாட்டியின் வயதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை.

கொலைக்குக் காலவரம்பு கிடையாது. இறுதி அறிக்கையை நீதிமன்றம் ஏற்று முடித்த வழக்கில்கூட போலீஸ் மேற்கொண்டு புலன்விசாரணை நடத்தலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 173(8). இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193(9). ஆனால் புதிதாக ஏதாவது கையில் இருக்க வேண்டும். ‘ஊருக்கே தெரியும், அவன்தான்’ என்பது சாட்சியம் ஆகாது. பாட்டி கண்ணால் பார்த்தது ஆகும்.

அதனால் ஊட்டியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுங்கள். பாட்டியின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன்பு, புதிய சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி, சீக்கிரம் பதியக் கேளுங்கள். துப்பறியும் ஆளுக்கு அந்த அதிகாரம் இல்லை. போலீஸ் எழுதும் வழக்கு நாட்குறிப்பையும் அவர் பார்க்க முடியாது. அதுவரை பாட்டியைக் கிளறாதீர்கள். ‘அந்த ஆள்தானே?’ என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கும் பெயர் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீனி. இத்தனை வருஷம் ஏன் பேசவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். லயன் வீடு வேலையோடு ஒட்டியது. வாயைத் திறந்தால் இரண்டும் போகும் என்று அவர் பயந்திருந்தால், அதை அப்படியே சொல்லட்டும்.

அப்புறம் பழைய காகிதம். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு முதல் தகவல் அறிக்கை, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு), பிரேதப் பரிசோதனை அறிக்கை, படிவம் 95 எல்லாம் வாங்குங்கள். எந்தெந்தப் பொருள் நீதிமன்றத்துக்குப் போனது என்று படிவம் 95-ல் இருக்கும். வழக்கை முடிக்கும் முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் வந்ததா என்றும் பாருங்கள். 1985-லேயே உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ரத்தக்கறைத் துணி இன்னும் இருந்தால் டிஎன்ஏ பார்க்கக் கேட்கலாம். மலைக் குளிரில் எதுவும் கெடாது என்பார்கள். குளிர் கெடுக்காதுதான், ஈரம் கெடுத்துவிடும். உலர்த்தாமல் பாலிதீனில் கட்டிய துணியில் பூஞ்சைதான் மிஞ்சும். சில நேரம் வழக்கில் கைப்பற்றிய பொருட்களையே அழிக்க உத்தரவாகியிருக்கும், அதை முதலில் விசாரியுங்கள்.

பலரும் மறப்பது எஸ்டேட் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு. அன்று யாருக்குப் பேர் விழுந்தது, யார் வேலைக்கு வரவில்லை என்பது அதில் இருக்கும். மழை அளவு எழுதும் நோட்டும் பல எஸ்டேட்டுகளில் உண்டு. மூடுபனியில் இருபதடி தூரத்தில் முகம் தெரிந்ததா என்ற கேள்வி வரும்போது கைகொடுக்கலாம். இவை கிடைக்குமா என்று நீங்களே அலைய வேண்டாம், மனுவில் எழுதுங்கள். விசாரணை அதிகாரி கேட்டு வாங்குவார்.

மனு நகரவில்லை என்றால் கோத்தகிரி நீதித்துறை நடுவர், அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றம். (இதே சிக்கலில் இருக்கும் கொடைக்கானல்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.)

துப்பறியும் ஆள் ஒன்றுக்கு உதவலாம். அந்த லயனில் இருந்தவர்கள் வேலை முடிந்து மேட்டுப்பாளையம், காரமடை என்று இறங்கியிருப்பார்கள். விலாசம் தேடித் தரட்டும். தந்த பிறகு பணம் கொடுங்கள்.